உயிர்ப்படலத்துக்குள் கரைபொருள் நகர்வதைக் கணக்கிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கழிவுநீர்த் துறை மாணவர்களும், நுண்ணுயிரியல் படித்துவிட்டுக் கணக்குப் பக்கம் வந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்ட வாக்கிலேயே போட்டிருக்கிறோம். 5ஆம் கேள்வியில் ஓர் எடுத்துக்காட்டுப் படலம் வருகிறது. பிற்பகுதிப் பதில்கள் பலவும் அதே எண்களைத்தான் எடுத்தாளுகின்றன, ஆகவே அதை மட்டும் தாண்டிப் போக வேண்டாம்.

1. பயோஃபிலிம்னா பாறையில பிடிக்கிற வழுக்கல்தானே? அதுல கணக்குப் போட என்ன இருக்கு?

அந்த வழுக்கலேதான். அதைத்தான் இங்கே உயிர்ப்படலம், சுருக்கமாகப் படலம் என்கிறோம். பாறை, குழாயின் உட்சுவர், பல், சிறுநீர்க் குழாய், சுத்திகரிப்பு நிலையத்தின் பிளாஸ்டிக் துண்டு என எதில் வேண்டுமானாலும் ஒட்டிக்கொண்டு, தாங்களே சுரந்த பிசினுக்குள் நுண்ணுயிர்கள் கூட்டமாக வாழும் அமைப்பு. பெரும்பகுதி தண்ணீர்தான். மிச்சம் செல்களும், சர்க்கரைத் தொடர்களும் புரதமும் கலந்த பிசினும்.

அந்தப் பிசினுக்குள் தண்ணீர் ஓடாது. ஓடாத இடத்தில் ஆக்சிஜனோ உணவோ மருந்தோ விரவல் (செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தானாகப் பரவுவது) வழியாக மட்டுமே உள்ளே போக முடியும். போகிற வழியிலேயே செல்கள் அதைத் தின்றுகொண்டும் இருக்கின்றன. உள்ளே வரும் வேகத்துக்கும் தின்னும் வேகத்துக்கும் நடக்கும் இந்தப் போட்டியைத்தான் கணக்கிடுகிறோம்.

2. குடுவையில கலக்கி வளர்க்கிற கிருமிக்கும் இதுக்கும் சமன்பாடு ஏன் வேற?

கலக்கிய குடுவையில் எல்லாச் செல்லும் ஒரே செறிவைப் பார்க்கிறது. படலத்தில் மேல்தட்டுச் செல்லுக்கு லிட்டருக்கு 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கிடைக்கும்போது, 150 மைக்ரான் கீழே இருப்பதற்கு ஒன்றுமே கிடைக்காமல் போகலாம். ஆகவே செறிவு நேரத்தோடு மட்டுமல்ல, ஆழத்தோடும் மாறுகிறது.

அடிப்படைச் சமன்பாடு ஒன்றுதான். ஒரு மெல்லிய அடுக்கில் செறிவு மாறும் வேகம் = விரவல் குணகம் × ஆழத்தைப் பொறுத்துச் செறிவின் இரண்டாம் வகைக்கெழு − நுகர்வு வேகம். முதல் உறுப்பு அடால்ஃப் ஃபிக் 1855இல் தந்தது. நுகர்வுக்குப் பெரும்பாலும் மோனோவின் வடிவம்: உச்ச வேகம் × செறிவு ÷ (அரைநிறைவுச் செறிவு + செறிவு). அரைநிறைவுச் செறிவு என்பது வேகம் உச்சத்தில் பாதியாகும் செறிவு. எல்லை நிபந்தனைகள் இரண்டு: மேற்பரப்பில் செறிவு அல்லது பாயம் (குறித்த நேரத்தில் ஓரலகுப் பரப்பைக் கடக்கும் அளவு) தெரியும், அடியில் ஒட்டியிருக்கும் சுவர் எதையும் உள்ளே விடாது என்பதால் அங்கே பாயம் பூஜ்யம்.

3. விரவல் குணகத்துக்கு எந்த எண்ணைப் போடறது? புத்தகத்துல இருக்கிறது தண்ணிக்குத்தானே?

ஆமாம், அதைக் குறைத்துப் போட வேண்டும். செல்களைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருப்பதாலும் பிசின் தடுப்பதாலும் படலத்துக்குள் நகர்வு மெதுவாகிறது. ஆக்சிஜன் போன்ற சிறு வாயுக்களுக்குத் தண்ணீரில் உள்ள மதிப்பில் ஏறத்தாழ 0.6 பங்கு, குளுக்கோஸ் போன்ற கரிமப் பொருள்களுக்கு 0.25 பங்கு என்று தொடங்கலாம். தண்ணீரில் ஆக்சிஜனுக்குச் சுமார் 2.0 × 10⁻⁹ சதுர மீட்டர்/விநாடி, குளுக்கோஸுக்கு 25 டிகிரியில் 0.67 × 10⁻⁹. அப்படியானால் படலத்தில் ஆக்சிஜனுக்கு 1.2 × 10⁻⁹, குளுக்கோஸுக்குச் சுமார் 0.17 × 10⁻⁹.

அடர்த்தியான படலத்தில் இந்தப் பங்கு இன்னும் குறையும், தளர்வானதில் கூடும். 0.6 என்பதைக் கல்லில் வெட்டிய எண்ணாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 0.4 போட்டும் 0.8 போட்டும் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் எந்த முடிவையும் அறிக்கையில் எழுதாதீர்கள்.

4. ஒரு பொருள் அடிவரைக்கும் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்?

யாரும் தின்னாத, எதிலும் ஒட்டாத பொருளாக இருந்தால் கணக்கு எளிது. தட்டையான படலத்தின் அடியில் செறிவு, வெளிச்செறிவின் 90 சதவீதத்தை எட்ட ஆகும் நேரம் = 1.03 × தடிமன்² ÷ விரவல் குணகம். 200 மைக்ரான் படலத்தில் ஆக்சிஜனுக்கு 34 விநாடி, குளுக்கோஸுக்கு ஏறத்தாழ 4 நிமிடம். தடிமன் 1 மில்லிமீட்டர் ஆனால் ஆக்சிஜனுக்கே 14 நிமிடம் பிடிக்கும். தடிமன் 5 மடங்கு, நேரம் 25 மடங்கு.

படலம் தட்டையாக இல்லாமல் அரைக்கோள மேடாக இருந்தால் 1.03க்குப் பதில் 0.30, தடிமனுக்குப் பதில் ஆரம். எல்லாத் திசையிலிருந்தும் உள்ளே வருவதால் வேகம் கூடுகிறது.

5. அப்போ அரை நிமிஷத்துல ஆக்சிஜன் அடிக்குப் போயிடும்னு எடுத்துக்கலாமா?

உயிருள்ள படலத்தில் முடியாது. மேலே சொன்னது யாரும் தின்னாதபோது. அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான், ஆகவே எண்ணோடு பார்ப்போம்.

கரிமக் கழிவைத் தின்னும் படலம் ஒன்று. கன மீட்டருக்கு 20 கிலோ உயிர்ப்பொருள், உச்ச வளர்ச்சி வேகம் நாளுக்கு 6, விளைச்சல் குணகம், அதாவது தின்றதில் செல்லாக மாறும் பங்கு, 0.6 (எல்லாம் சி.ஓ.டி. அலகில், அதாவது முழுக்க ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவில்). ஆக்சிஜன் நுகர்வு = (1 − 0.6) ÷ 0.6 × 6 × 20 = நாளுக்குக் கன மீட்டரில் 80 கிலோ. 86,400ஆல் வகுத்தால் கன மீட்டரில் விநாடிக்கு 0.926 கிராம். மேற்பரப்பில் லிட்டருக்கு 8 மில்லிகிராம், அதாவது கன மீட்டருக்கு 8 கிராம் ஆக்சிஜன் இருக்கிறது.

ஊடுருவல் ஆழம் = √(2 × விரவல் குணகம் × மேற்பரப்புச் செறிவு ÷ நுகர்வு வேகம்) = √(2 × 1.2 × 10⁻⁹ × 8 ÷ 0.926) = 1.44 × 10⁻⁴ மீட்டர், அதாவது 144 மைக்ரான். படலம் 1 மில்லிமீட்டர் தடிமன் என்றாலும் ஆக்சிஜன் 144 மைக்ரானில் தீர்ந்துவிடும். எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் அதற்குக் கீழே போகாது. உள்ளே போகும் பாயம் = நுகர்வு வேகம் × ஆழம் = சதுர மீட்டருக்கு நாளுக்கு 11.5 கிராம். எந்த மென்பொருளைத் திறப்பதற்கு முன்பும் இந்த ஒரு வரிக் கணக்கைக் கையால் போட்டுவிடுங்கள். பிறகு கணினி 30 மைக்ரான் என்றோ 3 மில்லிமீட்டர் என்றோ சொன்னால் எங்கோ அலகு பிசகியிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

6. மோனோ சமன்பாடு இருக்கும்போது நுகர்வு வேகத்தை மாறிலின்னு வெச்சது தப்பில்லையா?

எவ்வளவு தப்பு என்று கணக்கிடலாம். ஆழமான படலத்துக்கு மோனோ வடிவத்தையே நேராகத் தொகையிட முடியும். விடையில் மேற்பரப்புச் செறிவு இருந்த இடத்தில் "செறிவு − அரைநிறைவுச் செறிவு × மடக்கை(1 + செறிவு ÷ அரைநிறைவுச் செறிவு)" வந்து உட்காரும். மடக்கை இயல் மடக்கை. ஆக்சிஜனுக்கு அரைநிறைவு 0.2 மி.கி./லி. என்றால், 8க்குப் பதில் 7.26. வர்க்கமூலம் எடுக்கும்போது பாயத்தில் 5 சதவீதம்தான் வித்தியாசம்.

மேற்பரப்பில் ஆக்சிஜன் 0.5 மி.கி./லி. மட்டுமே இருந்தால் இதே பிழை 29 சதவீதமாகிவிடும். செறிவு அரைநிறைவைப் போல 10 மடங்குக்கு மேல் இருக்கும்வரை பூஜ்ய வகை (நுகர்வு வேகம் மாறிலி என்று வைப்பது) போதும் என்பது நடைமுறைக் கணக்கு. கீழே போனால் மோனோவையே வையுங்கள்.

7. வெளியில செறிவை ரெண்டு மடங்காக்கினா நீக்கமும் ரெண்டு மடங்காகுமா?

5ஆம் கேள்வியில் ஆழம் செறிவின் வர்க்கமூலத்தோடு போனதைப் பாருங்கள். பாயமும் அப்படியே. செறிவு 2 மடங்கானால் பாயம் 1.41 மடங்கு. செல்லின் அளவில் பூஜ்ய வகையாக இருந்தது, படலத்தின் அளவில் அரை வகை வினையாகத் தெரிகிறது. 1970களில் டென்மார்க்கின் ஹாரெமோஸ் இதைத் தெளிவாக எழுதினார். ஆய்வகத்தில் வரைபடம் போட்டு "வினைவகை 0.5 வருகிறது, நொதி விநோதமாக இருக்கிறது" என்று தலையைச் சொறிபவர்கள் இன்றும் உண்டு. நொதியில் விநோதம் ஒன்றுமில்லை, விரவல்தான்.

படலம் ஊடுருவல் ஆழத்தைவிட மெல்லிசாக இருந்தால் கதை வேறு. அடிவரை ஏற்கெனவே நிறைந்திருப்பதால் செறிவை ஏற்றினாலும் பாயம் ஏறாது.

8. அப்போ படலம் எவ்வளவு தடிமனா இருக்கோ அவ்வளவு நல்லதுதானே?

ஊடுருவல் ஆழம் வரைதான் நல்லது. அதற்கு மேல் வளர்வது ஆக்சிஜன் நீக்கத்துக்கு ஒன்றும் சேர்க்காது. அடியில் பட்டினி கிடக்கும் அடுக்கு நலிந்து, பிடிப்பு விட்டு, ஒருநாள் பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும். நைட்ரேட் நீக்கம் வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் அந்த ஆக்சிஜனில்லாத அடுக்கு பயன்படும்.

9. எல்லை அடுக்குன்னு ஒண்ணு சொல்றாங்களே, அதை விட்டுட்டா என்ன குடி முழுகிடும்?

படலத்தின் மேல் ஒட்டினாற்போல் அசையாமல் நிற்கும் மெல்லிய நீரடுக்கு அது. கரைபொருள் அதையும் விரவித்தான் கடக்க வேண்டும். பொதுவாக 50 முதல் 200 மைக்ரான். நம் படலத்தின் மேல் 100 மைக்ரான் என்று வைத்து, தொட்டியில் 8 மி.கி./லி. என்போம். முன்பு மேற்பரப்பிலேயே 8 என்று வைத்துவிட்டோம், அதுதான் பிழை.

நீரடுக்கைக் கடக்கும் பாயம் = 2.0 × 10⁻⁹ ÷ 10⁻⁴ × (8 − மேற்பரப்புச் செறிவு). படலத்துக்குள் போகும் பாயம் = √(2 × 1.2 × 10⁻⁹ × 0.926 × மேற்பரப்புச் செறிவு). இரண்டும் சமம் என்று போட்டால், மேற்பரப்புச் செறிவின் வர்க்கமூலத்தில் ஓர் இருபடிச் சமன்பாடு வரும். விடை: மேற்பரப்பில் 3.56 மி.கி./லி. மட்டுமே. பாயம் 11.5இலிருந்து 7.7 கிராமாக இறங்குகிறது, ஊடுருவல் ஆழம் 144இலிருந்து 96 மைக்ரானாகிறது.

மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. குடி முழுகாது, ஆனால் தொட்டியின் பரப்பளவை மூன்றில் ஒரு பங்கு குறைத்துக் கட்டிவிடுவீர்கள். வேகமாகத் தின்னும் படலத்தில்தான் இந்த அடுக்கு அதிகம் கடிக்கும். மந்தமான படலத்தில் பொருட்படுத்த வேண்டியதில்லை.

10. அந்த அடுக்கோட தடிமனை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நுனி 10 மைக்ரானளவே உள்ள ஆக்சிஜன் நுண்மின்வாயை மேலிருந்து படிப்படியாக இறக்கி அளப்பது நேர்வழி. செறிவு நேர்கோடாக இறங்கத் தொடங்கும் இடம் அடுக்கின் மேல்விளிம்பு; சாய்வு சட்டென்று மாறும் இடம் படலத்தின் மேற்பரப்பு. அந்த இரண்டு சாய்வுகளின் விகிதமே விரவல் குணகங்களின் தலைகீழ் விகிதம் என்பதால், 3ஆம் கேள்வியின் 0.6 உங்கள் படலத்துக்குப் பொருந்துகிறதா என்பதும் ஒரே அளவீட்டில் தெரிந்துவிடும். நுண்மின்வாய் இல்லாதவர்கள், ஓட்ட வேகத்தைக் கொண்டு ஷெர்வுட் எண்ணின் (ஓட்டம் கரைபொருளைப் பரப்புக்கு எவ்வளவு கடத்துகிறது என்று காட்டும் அலகில்லா எண்) சூத்திரத்தில் கணக்கிடலாம். சூத்திரம் எந்த வடிவப் பரப்புக்கு எழுதப்பட்டது என்று மட்டும் பாருங்கள்.

கலக்கும் வேகத்தைக் கூட்டினால் அடுக்கு மெலியும். வேகத்தைக் கூட்டியதும் நீக்கம் ஏறுகிறதென்றால் கட்டுப்படுத்துவது வெளியிலுள்ள நீரடுக்குதான் என்று புரிந்துகொள்ளலாம். செலவில்லாத சோதனை.

11. தீலே எண் எதுக்கு? ஊடுருவல் ஆழமே போதாதா?

இரண்டும் ஒரே செய்தி. செறிவு குறைவாக இருந்து நுகர்வு முதல் வகையாக (வேகம் செறிவுக்கு நேர்விகிதத்தில்) நடக்கும்போது "ஆழம்" என்று கூர்மையாக ஒன்று இருக்காது, செறிவு தேய்ந்துகொண்டே போகும். அங்கே தீலே எண் கைகொடுக்கும்: தடிமன் × √(வேக மாறிலி ÷ விரவல் குணகம்). 0.3க்குக் கீழே என்றால் படலத்தின் 97 சதவீதத் திறன் பயன்படுகிறது. 3 என்றால் மூன்றில் ஒரு பங்குதான்.

12. அம்மோனியாவை ஏத்திக்கிட்டே போறோம், நீக்கம் ஏறவே மாட்டேங்குது. கணக்கு மாதிரியில தப்பா, தொட்டியில தப்பா?

இரண்டிலும் இல்லை. நைட்ரேட்டாக்கத்துக்கு இரண்டு பொருள் வேண்டும்: அம்மோனியமும் ஆக்சிஜனும். எது முதலில் தீர்கிறதோ அதுவே ஆழத்தை முடிவு செய்யும். ஒவ்வொன்றுக்கும் "விரவல் குணகம் × செறிவு ÷ தேவையான பங்கு" என்று கணக்கிட்டு, சிறியது எதுவோ அதைப் பிடியுங்கள். 1 கிராம் அம்மோனிய நைட்ரஜனை நைட்ரேட்டாக்க ஏறத்தாழ 4.3 கிராம் ஆக்சிஜன் செலவாகிறது (செல் வளர்ச்சிக்குப் போனதைக் கழிக்காவிட்டால் 4.57). ஆக்சிஜன் கொஞ்சம் வேகமாக விரவும். ஆகவே ஆக்சிஜன், நைட்ரஜன் இரண்டின் செறிவு விகிதம் சுமார் 3 முதல் 4 வரைக்குக் கீழே இருந்தால் ஆக்சிஜன்தான் தடை.

தொட்டியில் ஆக்சிஜன் 4, அம்மோனியம் 10 மி.கி./லி. என்றால் விகிதம் 0.4. அம்மோனியத்தை 20 ஆக்கினாலும் 40 ஆக்கினாலும் ஒன்றும் நடக்காது. காற்றைக் கூட்டுங்கள். அம்மோனியம் 1 மி.கி./லி. அளவுக்கு இறங்கிய பிறகுதான் அது தடையாகும். கடைசித் தொட்டியில் மட்டும் காற்றூதியைக் கூட்டிப் பயனில்லாமல் போவதன் காரணமும் இதுதான்.

13. படலம் நாளுக்கு நாள் வளர்ந்துகிட்டே இருக்கு. நிலைத்த நிலைன்னு எப்படிச் சொல்றீங்க?

நிலைத்த நிலை என்பது செறிவு காலத்தோடு மாறாத நிலை. வேகங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். விரவல் விநாடி முதல் நிமிடத்தில் நிலைக்கு வந்துவிடும் (4ஆம் கேள்வி). வளர்ச்சிக்கு மணிக்கணக்கு, நாள்கணக்கு. படலம் ஒரு மைக்ரான் வளர்வதற்குள் கரைபொருள் பலமுறை சமநிலைக்கு வந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு கணமும் கரைபொருள் நிலைத்த நிலையில் இருப்பதாக வைத்து, உயிர்ப்பொருளை மட்டும் காலத்தோடு நகர்த்தலாம். வான்னரும் குயெரும் 1986இல் வெளியிட்ட பல்லின மாதிரிக்குப் பிறகு ஒற்றைப் பரிமாண மாதிரிகளில் பெரும்பாலானவை அந்தத் தடத்தில்தான் போகின்றன.

உணவை விட்டுவிட்டுக் கொடுக்கும் தொட்டி, திடீரென மருந்து செலுத்துவது போன்றவற்றில் இந்தச் சலுகை கிடையாது. அங்கே கரைபொருளையும் காலத்தோடு ஓட்ட வேண்டும்.

14. கணினி எதிர்மறைச் செறிவு காட்டுது. சில சமயம் ஓட்டம் முடியவே மாட்டேங்குது.

எதிர்மறை வருவது பெரும்பாலும் பூஜ்ய வகை நுகர்வை அப்படியே நிரலில் எழுதுவதால். ஆக்சிஜன் தீர்ந்த பிறகும் நிரல் தின்றுகொண்டே இருக்கிறது. மோனோ வடிவத்துக்கு மாறுங்கள், செறிவு பூஜ்யத்தை நெருங்க வேகமும் தானே பூஜ்யமாகும். கிடைத்த எதிர்மறையைப் பூஜ்யமாக வெட்டிவிடுவது தீர்வல்ல. அப்படி வெட்டும் ஒவ்வொரு முறையும் இல்லாத நிறை ஒன்றைப் படலத்துக்குள் சேர்க்கிறீர்கள்.

முடியாத ஓட்டத்துக்குக் காரணம் வெளிப்படையான நேரப்படி (அடுத்த கணத்தின் செறிவை இப்போதைய செறிவிலிருந்து மட்டும் கணக்கிடுவது). கணக்குக்காகப் படலத்தை வெட்டும் கட்டம் 2 மைக்ரான் என்றால் நேரப்படி, கட்டம்² ÷ (2 × குணகம்) = 0.0017 விநாடியைத் தாண்டக் கூடாது. ஒரு நாளை ஓட்ட 5 கோடிப் படிகளுக்கு மேல். உள்ளார்ந்த முறைக்கு (அடுத்த கணத்தின் செறிவுகளை ஒன்றாகச் சேர்த்துத் தீர்ப்பது) மாறினால் இந்தத் தளை கழன்றுவிடும். கட்டங்களைப் படலம் முழுக்கச் சீராகப் பரப்புவதும் வீண்: ஊடுருவல் ஆழத்துக்குள் குறைந்தது 10 கட்டம் விழட்டும், அடியில் ஒன்றும் நடக்காத பகுதிக்கு அகலமான கட்டம் போதும். கட்டத்தைப் பாதியாக்கி மறுபடி ஓட்டும்போது பாயம் ஒரு சதவீதத்துக்கு மேல் நகர்ந்தால் இன்னும் நெருக்க வேண்டும்.

அலகுப் பிழைக்கும் ஒரு சொல்: 1 × 10⁻⁹ சதுர மீட்டர்/விநாடி என்பது நாளுக்கு 8.64 × 10⁻⁵ சதுர மீட்டர். குணகத்தை விநாடியிலும் வளர்ச்சியை நாளிலும் வைத்தால் ஆழம் √86,400, அதாவது 294 மடங்கு பிசகும்.

15. படலத்துக்குள்ள வாய்க்கால் மாதிரி ஓடுதாமே. ஒற்றைப் பரிமாணக் கணக்கு பொய்யா?

வாய்க்கால்கள் உண்மை. செல் மேடுகளுக்கு இடையே நீர் ஓடுவதையும், அதன் வழியே மேட்டின் பக்கவாட்டிலும் ஆக்சிஜன் நுழைவதையும் 1990களிலேயே நுண்மின்வாய் வைத்து அளந்திருக்கிறார்கள். ஆனால் மேட்டுக்கு உள்ளே இன்னமும் விரவல்தான்.

தொட்டி எவ்வளவு கழிவை நீக்கும் என்பது மட்டும் கேள்வி என்றால் ஒற்றைப் பரிமாணம் போதும். அளவுருக்களின் நிச்சயமின்மை, வடிவத்தை விட்டதால் வரும் பிழையைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். எந்த இனம் எங்கே குடியேறும், மேடு ஏன் காளான் போல் வளர்கிறது, எங்கே முறியும் என்பதெல்லாம் கேள்வியானால் இரண்டு அல்லது மூன்று பரிமாணம் வேண்டும். அழகான முப்பரிமாணப் படத்துக்காக மட்டும் அங்கே போகாதீர்கள். அதற்குக் கொடுக்க வேண்டிய உள்ளீட்டு எண்களில் பாதியை யாரும் உங்கள் படலத்தில் அளந்திருக்க மாட்டார்கள்.

16. ஆன்டிபயாடிக் உள்ளே போக முடியாததாலதான் படலத்துல கிருமி சாகறதில்லைன்னு சொல்றது சரியா?

பாதிதான் சரி, மருந்தைப் பொறுத்தது. 4ஆம் கேள்வியின் கணக்குப்படி, எதனோடும் வினைபுரியாத சிறு மூலக்கூறு நிமிடங்களில் அடியைத் தொட்டுவிடும். மருந்தோ மணிக்கணக்கில், நாள்கணக்கில் கொடுக்கப்படுகிறது. ஆகவே விரவலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

நிலைமை மாறுவது இரண்டு வழிகளில். ஒன்று, மருந்து பிசினில் ஒட்டிக்கொள்வது. நேர்மின்சுமையுள்ள டோப்ராமைசின், எதிர்மின்சுமையுள்ள பிசினில் பிடிபடுகிறது. கரைந்த நிலையில் 1 பங்கும் ஒட்டிய நிலையில் 9 பங்கும் என்றால் நேரம் 10 மடங்காகும். தாமதம்தான், தடை அல்ல. இரண்டாவது, மருந்து வழியிலேயே அழிவது. இதுதான் உண்மையான தடை. க்ளெப்சியெல்லா நிமோனியே படலங்களில் செய்து 2000இல் வெளியான ஆய்வில், பீட்டா லாக்டமேஸ் நொதி உள்ள படலத்தை ஆம்பிசிலின் ஊடுருவவில்லை. அந்த நொதி இல்லாத திரிபின் படலத்தை ஊடுருவியது. ஆனால் ஊடுருவிய பிறகும் அந்தத் திரிபு படலத்துக்குள் தாக்குப்பிடித்தது. உள்ளே பட்டினியில் வளராமல் கிடக்கும் செல்களை, வளர்ச்சியைக் குறிவைக்கும் மருந்து தொடுவதில்லை என்பது ஒரு முக்கியக் காரணம். அந்தப் பட்டினிக்குக் காரணம் 5ஆம் கேள்வியின் ஆக்சிஜன் கணக்கு. விரவல் இங்கே மறைமுகமாக வேலை செய்கிறது.

குளோரினுக்குக் கணக்கு இன்னும் கடுமை. குளோரின் படலத்தையே எரித்துக்கொண்டு முன்னேற வேண்டும். நேரம் = தடிமன்² × படலத்தின் குளோரின் தேவை ÷ (2 × குணகம் × செறிவு). 1 கிராம் உயிர்ப்பொருள் 1 கிராம் குளோரினைக் குடிக்கும் என்று ஓர் அனுமானம் வைத்துக்கொள்வோம், குணகம் 1 × 10⁻⁹. 200 மைக்ரான் படலம், 5ஆம் கேள்வியின் அதே 20 கிலோ உயிர்ப்பொருள், 2 மி.கி./லி. குளோரின்: 2 லட்சம் விநாடி, அதாவது சுமார் 56 மணி நேரம். செறிவை 20 ஆக்கினால் ஐந்தரை மணி நேரம். குழாயில் எஞ்சு குளோரின் இருந்தும் உட்சுவர்ப் படலம் சாகாமல் இருப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

17. இந்த எண்ணுல பெரும்பாலானது 20 டிகிரிக்கு. நம்ம ஊர்த் தண்ணி 30 டிகிரி இருக்கே?

20இலிருந்து 30க்குப் போகும்போது நீரின் பிசுக்குமை குறைவதால் விரவல் குணகம் 1.3 மடங்காகிறது. ஆக்சிஜன் நிறைசெறிவு 9.1இலிருந்து 7.6 மி.கி./லி. ஆகச் சரிகிறது. நுகர்வு வேகம் 2 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் 5ஆம் கேள்விச் சூத்திரத்தில் போட்டால் ஆழம் 0.74 மடங்கு, பாயம் 1.47 மடங்கு.

கிருமியின் வேகம் இரட்டித்தும் தொட்டியின் நீக்கம் ஒன்றரை மடங்கைக்கூட எட்டவில்லை. கலக்கிய தொட்டிக்கு எழுதிய வெப்பநிலைத் திருத்தக் குணகத்தை அப்படியே படலத் தொட்டியின் பாயத்துக்குப் போடுவது இதனால்தான் தவறு. செல்லின் வேகத்துக்குப் போடுங்கள், பாயத்தை மாதிரி தானே சொல்லட்டும்.

18. உள்ளே பிஎச் மாறுமா? அதையும் சேர்க்கணுமா?

நைட்ரேட்டாக்கம் நடந்தால் பாருங்கள். 1 கிராம் நைட்ரஜனுக்கு 7.14 கிராம் காரத்தன்மை (பிஎச் சரியாமல் தாங்கும் திறன், கால்சியம் கார்பனேட் அளவில்) தீர்கிறது. 12ஆம் கேள்வியின் உத்தியையே பயன்படுத்தலாம்: தொட்டியில் ஆக்சிஜன் 8 என்றால் அது தீரும்வரை காரத்தன்மை எவ்வளவு இறங்கும்? 8 ÷ 4.33 × (2.1 ÷ 1.18) × 7.14 = சுமார் 23 மி.கி./லி. அடைப்புக்குள் இருப்பது ஆக்சிஜன், பைகார்பனேட் இரண்டின் விரவல் குணக விகிதம், 25 டிகிரியில். வெளிநீரில் காரத்தன்மை 150 இருந்தால் கவலை வேண்டாம். 40 என்றால் உள்ளே பிஎச் சரிந்து, நைட்ரேட்டாக்கக் கிருமிகள் சுணங்கும். அப்போது சேர்த்தே ஆக வேண்டும். சேர்க்கும்போது அயனிகள் தனித்தனியாக நகர முடியாது, மின்சுமை சமனாக இருக்க வேண்டும் என்பதால் ஃபிக் விதிக்குப் பதில் நெர்ன்ஸ்ட்–பிளாங்க் சமன்பாடு.

19. ஒரே படலத்துக்கு ஒருத்தர் 0.6ங்கிறார், இன்னொருத்தர் 0.75ங்கிறார். யாரு சொல்றது சரி?

இருவருமே சரியாக இருக்கலாம், அளந்தது வேறு வேறு. நிலைத்த நிலையில் பாயத்தை வைத்து அளந்தவருக்கு, கரைபொருள் நகரக்கூடிய இடத்தின் பங்கும் சேர்ந்தே கிடைக்கிறது. சாயம் ஊற்றி எவ்வளவு நேரத்தில் பரவுகிறது என்று அளந்தவருக்கு, அந்தப் பங்கால் வகுத்த மதிப்பு கிடைக்கிறது. நீர்ப்பங்கு 0.8 என்றால் 0.6 ÷ 0.8 = 0.75.

நிலைத்த நிலைக் கணக்குக்கு (5, 9) முதல் வகை எண், நேரக் கணக்குக்கு (4) இரண்டாம் வகை எண். கட்டுரையிலிருந்து ஓர் எண்ணை எடுக்கும்போது செய்முறைப் பகுதியைப் படித்துவிட்டு எடுங்கள். 4ஆம் கேள்வியில் நாம் 0.6 போட்டதால் அங்கே வந்த 34 விநாடி கொஞ்சம் கூடுதல், 0.75 போட்டால் 27.

20. சவ்வு வழியா அடியிலிருந்து காற்று கொடுக்கிற தொட்டிக்கும் இதே கணக்கு மாதிரி போதுமா?

சமன்பாடு அதே. எல்லை நிபந்தனை தலைகீழ். ஆக்சிஜன் அடியிலிருந்து, கரிமக் கழிவு மேலிருந்து. இரண்டும் சந்திக்கும் நடு அடுக்கில்தான் வினை மும்முரம். பழைய நிரலை எடுத்து மாற்றுபவர்கள் அடியில் "பாயம் பூஜ்யம்" என்பதை ஆக்சிஜனுக்கும் அப்படியே விட்டுவிடுவது வழக்கமான கோளாறு. ஆக்சிஜனுக்கு அங்கே சவ்வின் கடத்துதிறன் × (வாயுவோடு சமநிலைச் செறிவு − அடிச்செறிவு) வர வேண்டும். மற்றவற்றுக்கு மட்டும் பூஜ்யம்.

8ஆம் கேள்வியின் பதிலும் இங்கே மாறுகிறது. படலம் ரொம்ப மெல்லிசாக இருந்தால் ஆக்சிஜன் தின்னப்படாமல் மேலே தொட்டிக்குக் கசிந்துவிடும். ரொம்பத் தடித்தால் கழிவு அடிவரை வராது. இடையில் ஏதோ ஒரு தடிமனில் பாயம் உச்சம் தொடும். சாதாரணப் படலத்தில் தடிமன் கூடினால் பாயம் ஒரு மட்டத்தில் நின்றுவிடும். இங்கே உச்சம் தொட்டபின் இறங்கும். உங்கள் மாதிரியில் தடிமனை 100 மைக்ரானிலிருந்து 1,500 மைக்ரான் வரை ஏற்றி ஓட்டிப் பாருங்கள். வளைவு இறங்காமல் தட்டையாகவே நின்றால் எல்லை நிபந்தனையை இன்னும் மாற்றவில்லை என்று பொருள்.